கிடைத்த டேப், கிடைக்காத பெயர்
தூர்தர்ஷனின் பழைய கச்சேரிப் பதிவுகள்: ஒரு பார்வை

தமிழ் சினிமாவில் நாகஸ்வரம் என்றதும் இரண்டு முகங்கள் நினைவுக்கு வரும்: ஜெமினி கணேசன், சிவாஜி கணேசன். 1962இல் வந்த ‘கொஞ்சும் சலங்கை’யில் நாம் கேட்பது காருகுறிச்சி அருணாசலத்தின் வாசிப்பு. 1968இன் ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் கேட்பது மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் வாசிப்பு. நம் காது வாசித்தவரிடம் இருந்தது, கண் நடித்தவரிடம் இருந்தது. வாசித்தவரின் விரல் எப்படிப் போயிற்று, மூச்சை எங்கே எடுத்தார் என்பதெல்லாம் அந்தப் படங்களில் இல்லை. காருகுறிச்சியார் 1964இல் காலமாகிவிட்டார்.

பாடுகிறவரையே காட்டுவதைத் தன் தொழிலாக வைத்துக்கொண்டது டிவி. அது காட்டியவற்றில் ஒரு பகுதி இப்போது திரும்பி வந்திருக்கிறது. 2002 ஜனவரி 26 அன்று தொடங்கிய டிடி பாரதியிலும், பிரசார் பாரதி ஆவணக் காப்பகத்தின் யூடியூப் சேனலிலும், யார் யாரோ வீட்டு வீடியோ கேசட்டிலிருந்து ஏற்றிய பதிவுகளிலும் செம்மங்குடி, எம்.எஸ்., லால்குடி, கே.வி. நாராயணசாமி, வீணை பாலசந்தர் எனப் பலரைக் கண்ணால் பார்க்க முடிகிறது. டெல்லி ஜனக்புரியில், ஓய்வுபெற்ற மத்திய அரசு ஊழியர்கள் வாழும் எத்தனையோ தமிழ் வீடுகளில் மாலைக் காபிக்குப் பிறகு ஓடுவது இதுதான். வாட்ஸப்பில் லிங்க் வந்த கையோடு ஒரு கேள்வியும் வரும்: “மிருதங்கம் யாரு?”

பெரும்பாலும் பதில் வராது. இந்தக் கட்டுரை அந்த வராத பதிலைப் பற்றியது. எவை பதிவாயின, எவை போயின, பார்ப்பதால் கேட்பதைவிட என்ன கூடுதலாகக் கிடைக்கிறது என்பதையெல்லாம் பார்த்துவிட்டு நான் வந்து சேரும் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெயரும் தேதியும் சேராதவரை மீட்பு பாதிதான். மீதிப் பாதியைச் செய்யக்கூடியவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள், வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டும் வருகிறார்கள்.

டெல்லியில் மட்டும் டிவி இருந்த காலம்

இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15 அன்று டெல்லியில் தொடங்கியது. நாடாளுமன்றத் தெரு ஆகாசவாணி பவனில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ, வாரத்துக்கு இரண்டு நாள் ஒளிபரப்பு. தினசரி ஒளிபரப்பு 1965இல்தான் வந்தது. 1972 அக்டோபரில் பம்பாய் நிலையம் திறக்கும்வரை நாட்டிலேயே டிவி இருந்த ஒரே ஊர் டெல்லி. சென்னைக்கு அது 1975 ஆகஸ்ட் 15 அன்று வந்து சேர்ந்தது.

இந்தத் தேதிகளுக்குப் பக்கத்தில் வேறு சில தேதிகளை வைத்துப் பார்க்க வேண்டும். ஜி.என்.பி. மறைந்தது 1965இல். அரியக்குடி 1967, மதுரை மணி ஐயர் 1968, ராம்நாட் கிருஷ்ணன் 1973, செம்பை 1974 அக்டோபர், முசிறி 1975 மார்ச். முசிறியின் மறைவுக்கும் சென்னை டிவியின் பிறப்புக்கும் இடையே ஐந்து மாதம்கூட இல்லை. நம் பாட்டன் தலைமுறை தெய்வமாகக் கொண்டாடிய இவர்கள் அத்தனை பேரும் சென்னையில் கேமரா வருவதற்குள் போய்விட்டார்கள். ஜி.என்.பி.யை நாம் அசையும் படமாகப் பார்ப்பது 1940இன் ‘சகுந்தலை’யில், துஷ்யந்தனாக. மேடையில் சம்மணமிட்டுப் பாடிய ஜி.என்.பி.யை அந்த ராஜா வேஷத்துக்குள் தேடித்தான் எடுக்க வேண்டும்.

ஆக, அந்தத் தலைமுறை டிவியில் பாடியிருந்தால் அது பெரும்பாலும் டெல்லியில்தான் நடந்திருக்க வேண்டும். வித்வான்கள் இங்கே வராதவர்களும் இல்லை. வானொலியின் தேசிய இசை நிகழ்ச்சி 1952 ஜூலையில் தொடங்கியது, வானொலி சங்கீத சம்மேளனம் 1954இல். சங்கீத நாடக அகாடமி 1953 முதல் இங்கே இருக்கிறது. 1952இல் ரவிசங்கரும் டி.கே. ஜெயராம ஐயரும் சேர்ந்து வானொலியின் வாத்ய விருந்தாவை உருவாக்கியதும் இங்கேதான். ஆனால் அன்றைய டெல்லி டிவி பெரும்பாலும் நேரலை. ஸ்டூடியோவில் பாடினார்கள், ஒளிபரப்பானது, அத்தோடு சரி.

1976 ஏப்ரல் 1 அன்று தூர்தர்ஷன் வானொலியிலிருந்து பிரிந்தது. 1982 ஆகஸ்ட் 15 அன்று கலரும் தேசிய நிகழ்ச்சியும் சேர்ந்து வந்தன. அந்த நவம்பரில் ஆசிய விளையாட்டுப் போட்டி. கலர் டிவியோடு வி.சி.ஆரும் வீடுகளுக்குள் நுழைந்தது. ஜனக்புரியின் டிடிஏ வீடுகளில் தமிழ்க் குடும்பங்கள் நிலைபெற்ற காலமும் ஏறக்குறைய அதுதான். ஹிந்திப் படப்பாட்டு நிகழ்ச்சியான சித்ரஹார் ஒரு பக்கம், மொழிக்கு மொழி முறை வைத்து வரும் ஞாயிறு மதியப் படம் இன்னொரு பக்கம். இரவு வெகுநேரம் கழித்து வரும் இசை நிகழ்ச்சியில் நம்மவர் யாராவது வரமாட்டாரா என்று உட்கார்ந்திருந்தவர்கள் அன்றைய டெல்லித் தமிழர்கள். இன்று திரும்பக் கிடைப்பவற்றில் பெரும்பகுதி இந்தக் காலத்துச் சரக்கு.

பிலிம் பிழைத்தது, டேப் போயிற்று

மிச்சமெல்லாம் எங்கே போயிற்று? கெட்ட எண்ணத்தால் யாரும் அழிக்கவில்லை. 1956இல் ஆம்பெக்ஸ் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த வீடியோ டேப் இரண்டு அங்குல அகலம் கொண்டது, விலை எக்கச்சக்கம். அந்நியச் செலாவணியை எண்ணி எண்ணிச் செலவழித்த நாட்டில் ஒரு டேப்பை ஒரே ஒரு கச்சேரிக்கு நிரந்தரமாக ஒதுக்குவது ஊதாரித்தனமாகப் பட்டது. ஒளிபரப்பு முடிந்ததும் அதன் மேலேயே அடுத்த நிகழ்ச்சியைப் பதிந்தார்கள். மறு ஒளிபரப்பே அபூர்வமாக இருந்த நாளில் பத்திரப்படுத்தி என்ன பயன் என்ற கேள்விக்கு யாரிடமும் விடை இல்லை.

வசதியான நாடுகளும் இதையேதான் செய்தன. பிபிசி 1978வரை முறையான காப்பகக் கொள்கை இல்லாமல் ஏராளமான நிகழ்ச்சிகளை அழித்தது. டேப் விலை ஒரு காரணம், மறு ஒளிபரப்புக்குக் கலைஞர் சங்கங்களின் ஒப்பந்தங்கள் வைத்த வரம்பு இன்னொரு காரணம். அழிந்ததாக நினைத்தவற்றைத் தேடித் திரையிட 1993 முதல் பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனம் தனி நிகழ்ச்சியே நடத்துகிறது. தேடிக் கிடைத்தவற்றில் பல, தனி மனிதர்கள் வீட்டில் வைத்திருந்தவை.

எது பிழைத்தது என்பதில் ஓர் ஒழுங்கு தெரிகிறது. பிலிமில் ஏறியது பிழைத்திருக்கிறது. 1948 முதல் 1952 வரை மேற்கத்திய இசை நடத்துநர் டாஸ்கனினி அமெரிக்க டிவியில் நடத்திய 10 கச்சேரிகள் இன்றும் இருக்கின்றன. டிவி திரைக்கு முன்னால் சினிமா கேமராவை நிறுத்தி அவற்றைப் படமெடுத்து வைத்ததுதான் காரணம். நம்மிடமும் அதே கதைதான். உஸ்தாத் அமீர்கானைப் பற்றி எஸ்.என்.எஸ். சாஸ்திரி 1970இல் எடுத்த பிலிம்ஸ் டிவிஷன் படம் இருக்கிறது. நடனக் கலைஞர் பாலசரஸ்வதியைப் பற்றி சத்யஜித் ராய் 1976இல் எடுத்த ‘பாலா’ இருக்கிறது.

பிரான்ஸ் வேறு வழியில் போயிற்று. 1975இல் ஒளிபரப்புக் காப்பகத்துக்கென்றே தேசிய நிறுவனம் ஒன்றை அமைத்து, 1992இல் டிவி நிகழ்ச்சிகளையும் புத்தகங்களைப் போலச் சட்டப்படி சேமிப்புக்குக் கொடுத்தாக வேண்டும் என்று ஆக்கியது. நம்முடைய 1954ஆம் வருடத்துச் சட்டம் புத்தகத்தையும் பத்திரிகையையும் நூலகத்துக்குக் கொடுக்கச் சொல்கிறது. டிவியைப் பற்றி அதில் பேச்சே இல்லை.

பார்த்தால் என்ன கூடும்?

“சங்கீதம் கேட்கிற விஷயமாச்சே, பார்த்து என்ன ஆகப்போகிறது?” என்று கேட்பவர்கள் உண்டு. இசைத்தட்டையும் ஸ்பூல் டேப்பையும் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது நியாயமான சந்தேகம். அதற்கு வீணையே விடை சொல்லும். எஸ். பாலசந்தர் ஒரே மெட்டில் தந்தியை இழுத்து இழுத்துப் பல சுரங்களைப் பேசவைப்பதில் பேர் போனவர். ஒலிப்பதிவில் அது நெடிய வளைவாகக் காதில் விழும், இடது கை மெட்டு மெட்டாக நகர்ந்து வந்ததா, ஒரே இடத்தில் நின்று இழுத்ததா என்பது தெரியாது. படத்தில் தெரிந்துவிடுகிறது. விரல் நின்ற இடத்தில் நிற்கிறது, தந்தி பக்கவாட்டில் போகிறது, போன தூரத்துக்கு ஏற்ப சுரம் ஏறுகிறது. பழகும் மாணவருக்கு இது பத்துப் பக்கப் பாடம். 1954இல் ‘அந்த நாள்’ படத்தை இயக்கியவரும் இதே பாலசந்தர்தான் என்பதால், கேமராவுக்கு முன் எப்படி உட்கார வேண்டும் என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது.

பாட்டிலும் அப்படித்தான். தாளம் போடும் கை எப்போது தொடையில் அழுந்துகிறது, நிரவலில் பாடகர் யாரைப் பார்த்துத் தலையசைத்ததும் வயலின் எடுத்துக்கொண்டது, கோர்வை முடியும் முன்பே மிருதங்கக்காரர் முகத்தில் எப்படிச் சிரிப்பு வந்தது, பின்னால் தம்புராவோடு உட்கார்ந்திருக்கும் சிஷ்யர் எந்த இடத்தில் சேர்ந்து பாடத் துணிகிறார் என்பதெல்லாம் கச்சேரியின் உள்பேச்சு. ஒலிப்பதிவில் அதன் விளைவு மட்டுமே கேட்கும்.

ஆராய்ச்சியாளர்களும் இதை உணர்ந்திருக்கிறார்கள். ஹிந்துஸ்தானிப் பாடகர்களின் கையசைவைப் பற்றி மேத்யூ ரஹைம் 2012இல் ஒரு புத்தகமே எழுதினார். மார்ட்டின் கிளேட்டன் வட இந்தியக் கச்சேரிகளையும், லாரா பியர்சன் கர்நாடக இசை கற்பிக்கும் விதத்தையும் வீடியோ வைத்து ஆராய்ந்திருக்கிறார்கள். கையசைவு பாட்டுக்கு வெளியே இருக்கும் ஆபரணம் இல்லை, ராகத்தை நினைக்கும் முறையில் அதற்கும் பங்கு உண்டு என்பது இந்த ஆய்வுகளின் சாரம். செம்மங்குடியை டிவியில் ஒருமுறை பார்த்தவருக்கு இது புதுச்செய்தியாக இருக்காது.

கேமரா செய்த தவறுகள்

ஆனால் கிடைத்ததையெல்லாம் அப்படியே நம்பவும் கூடாது. ஸ்டூடியோக் கச்சேரி மேடைக் கச்சேரி ஆகாது. அட்டைத் தூண், தொட்டிச் செடி, எதிரே ஆளில்லாத இருட்டு. அரை மணி நேரத்துக்குள் எல்லாவற்றையும் அடக்க வேண்டும் என்பதால் ராக ஆலாபனை சுருங்கும், தனி ஆவர்த்தனம் இரண்டு நிமிஷத்தில் முடிந்துபோகும். மூன்று மணி நேரம் பாடிப் பழகியவர் அரை மணிக்குள் பாடியதை வைத்து அவர் பாணி இதுதான் என்று தீர்ப்புச் சொல்வது அநியாயம்.

இன்னொரு குற்றம் படம் மாற்றும் கையில் இருக்கிறது. வயலின் வாசிக்கும்போது கேமரா பாடகர் முகத்திலேயே நிற்கும். அது வயலினுக்கு வரும் நேரத்தில் வயலின்காரர் வில்லைக் கீழே வைத்திருப்பார். சங்கீதம் தெரிந்த தயாரிப்பாளர் கிடைத்த நிகழ்ச்சியை முதல் இரண்டு நிமிஷத்திலேயே கண்டுகொள்ளலாம். கேமரா இவரிடமிருந்து அவரிடம் அரை நொடி முன்னதாகவே போயிருக்கும்.

மேதை கையில் இருந்தாலும் கேமரா ஒரு கட்சி எடுக்கத்தான் செய்கிறது. 1935இல், சிறுவனாக, கல்கத்தாவில் பாலசரஸ்வதியின் ஆட்டத்தைப் பார்த்தவர் ராய். படம் எடுக்க வாய்த்தபோது அந்த அம்மாளுக்கு 60 நெருங்கிக்கொண்டிருந்தது. ‘கிருஷ்ணா நீ பேகனே’ பதத்தை ராய் கடற்கரையில் ஆடவைத்தார். காற்று சேலையை அலைக்கழிக்கிறது, கண் அபிநயத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. அது நல்ல முடிவுதானா என்ற விவாதம் இன்னும் தீரவில்லை. என்றாலும் அந்தப் படம் இல்லாமல் அந்த விவாதத்தைக்கூட நாம் தொடங்கியிருக்க முடியாது.

டேப்பிலிருந்து திரைக்கு

பிழைத்த டேப்பும் நோய் இல்லாமல் இருப்பதில்லை. காந்தத் துகளைப் பிடித்து வைக்கும் பசை ஈரத்தைக் குடித்துப் பிசுபிசுக்கும். அப்படியே ஓட்டினால் பூச்சு உரிந்து மெஷினில் ஒட்டும். மிதமான சூட்டில் மணிக்கணக்கில் உலர்த்தித்தான் ஒருமுறை ஓட்டிப் பிரதி எடுக்க முடியும். டேப் நன்றாக இருந்தாலும் ஓட்ட மெஷின் வேண்டும். யு-மேட்டிக்கும் பீட்டாகேமும் உதிரிபாகம் கிடைக்காத சாதனங்களாகிவிட்டன. வீட்டு வி.சி.ஆர். தயாரித்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபூனாய் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. 2025ஐ ஒட்டி உலகெங்கும் காந்த டேப்புகளை ஓட்டுவதே முடியாமல் போகலாம் என்று யுனெஸ்கோவும் ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கமும் 2019இலேயே எச்சரித்தன. அந்தக் கெடு நம் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது.

பிரதி எடுக்கும்போது வரும் சேதம் இன்னொன்று, அதைப் பலர் கவனிப்பதில்லை. நம் ஊர் டிவி நொடிக்கு 25 முழுப் படங்களை 50 பாதிப் படங்களாகப் பிரித்துக் காட்டியது. ஒவ்வொரு பாதியும் வேறு ஒரு கணம். யூடியூபுக்கு மாற்றும்போது சோம்பல்பட்டு 25 ஆகக் குறைத்துவிட்டால் அசைவில் பாதி போய்விடும். ஆலாபனைக்கு அதனால் பெரிய நஷ்டம் இல்லை. துரித காலத்தில் மிருதங்கத்தின் வலந்தலையில் ஓடும் விரல்கள்தான் புகையாகக் கலங்கிவிடும். சதுரமான பழைய படத்தை அகலத் திரைக்கு இழுத்து எல்லோரையும் குண்டாக்குவது, ஒலியை ஒரே காதில் விழவைப்பது, செயற்கை நுண்ணறிவால் முகத்தை மெழுகுவது எல்லாம் இதே வகைச் சேதம். கறுப்பு வெள்ளையை யாரும் திருத்தித் தர வேண்டியதில்லை, இருந்ததை இருந்தபடி கொடுத்தால் போதும்.

பெயர் எங்கே?

இவ்வளவையும் தாண்டி ஒரு பதிவு நம் திரைக்கு வருகிறது. தலைப்பில் பாடகர் பெயர் இருக்கும். ராகம் சில சமயம் இருக்கும், சில சமயம் தவறாக இருக்கும். வருஷம் அபூர்வம், பக்கவாத்தியக்காரர்கள் அதைவிட அபூர்வம். சங்கீதத்தில் பாதியைச் சுமந்தவர்கள் முகம் மட்டும் உள்ளவர்களாக நிற்கிறார்கள்.

பெயர்கள் இல்லாமல் இல்லை, நாம்தான் வெட்டி எறிகிறோம். டிவி நிலைய டேப்பின் தொடக்கத்தில் நிகழ்ச்சிப் பெயரும் தேதியும் எழுதிய பலகையைக் காட்டுவது தொழில் வழக்கம். பிறகு அறிவிப்பாளர் வந்து பக்கவாத்தியம் உட்பட எல்லோர் பெயரையும் சொல்வார். முடிவில் பெயர்ப் பட்டியல் ஓடும். ஏற்றுகிறவர் பலகை அசிங்கமாக இருக்கிறது, அறிவிப்பு போரடிக்கிறது என்று இரண்டையும் கத்தரித்துவிட்டுப் பாட்டிலிருந்து தொடங்குகிறார். அந்த ஒரு நிமிஷத்தோடு பதிவின் பிறப்புச் சான்றிதழும் போய்விடுகிறது.

வெட்டிய பிறகும் ஓரளவு கண்டுபிடிக்கலாம். எம்.டி. ராமநாதன் மறைந்தது 1984 ஏப்ரலில். தூர்தர்ஷன் கலருக்கு மாறியது 1982 ஆகஸ்டில். தூர்தர்ஷன் ஸ்டூடியோவில் எம்.டி.ஆர். கலரில் தெரிந்தால் அந்தப் பதிவு இந்த 20 மாதத்துக்குள் எடுத்தது. பாலசந்தருக்கு அதே கணக்கு 1990 ஏப்ரலில் முடியும், புல்லாங்குழல் மாலிக்கு 1986 மேயில். பிறகு அன்றைய செய்தித்தாளின் ‘இன்றைய டிவி’ பத்தியைப் புரட்டினால் தேதியே கிடைக்கக்கூடும். பிபிசி 1923 முதல் 2009 வரையிலான தன் நிகழ்ச்சி நிரல் இதழ்களை ஸ்கேன் செய்து 2014இல் பொதுத்தளமாக்கியது. அங்கே அனாதையாகக் கிடந்த பதிவுகளுக்கு அதிலிருந்து தேதி கிடைக்கிறது. நம்மிடம் வானொலியின் ‘வானொலி’ இதழும் ‘இந்தியன் லிஸனர்’ இதழும் இருக்கின்றன, நாளிதழ்களின் பழைய தொகுப்புகள் இருக்கின்றன. அவற்றை டேப்போடு சேர்த்துவைக்கும் வேலைதான் நடக்கவில்லை.

ஒலிப்பதிவில் இதைச் செய்து காட்டியவர்கள் உண்டு. ‘சங்கீதப்ரியா’ தளத்தில் தன்னார்வலர்கள் பாட்டு, ராகம், தாளம், பக்கவாத்தியம் என்று உருப்படி உருப்படியாகப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். சம்பளம் வாங்காத ரசிகர்கள் செய்த காரியம் அது. வீடியோவுக்கு அப்படி ஒரு முயற்சி வேண்டும்.

உரிமைச் சிக்கலும் இடையில் நிற்கிறது. காப்புரிமைச் சட்டப்படி ஒளிபரப்பு நிறுவனத்தின் தனி உரிமை 25 ஆண்டு, கலைஞரின் உரிமை 50 ஆண்டு, படமாகக் கருதினால் 60 ஆண்டு. மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் அதிகாரிகள் பயந்து பெட்டியைப் பூட்டி வைக்கிறார்கள், பயப்படாத தனியார் இஷ்டப்படி ஏற்றுகிறார்கள். பட்டியலுக்கு இந்தத் தடை எதுவும் கிடையாது. டேப்பைக் காட்ட அனுமதி தேவைப்படலாம், இன்ன டேப்பில் இன்னார் பாடியிருக்கிறார், இன்னார் வாசித்திருக்கிறார் என்று சொல்ல யார் அனுமதியும் வேண்டாம். பிரசார் பாரதி முதலில் வெளியிட வேண்டியது இந்தப் பட்டியலைத்தான்.

ஜனக்புரி என்ன செய்யலாம்?

2024 நவம்பரில் ‘வேவ்ஸ்’ என்ற ஓடிடி தளத்தையும் பிரசார் பாரதி தொடங்கிவிட்டது. காட்டும் இடங்கள் பெருகிவிட்டன, அடையாளம் சொல்லும் ஆட்கள்தான் வேண்டும். ஜனக்புரி மேற்கில் நீல வழி மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் மண்டி ஹவுஸ். தூர்தர்ஷன் பவனும் சங்கீத நாடக அகாடமியும் அங்கே நடக்கிற தூரத்தில் இருக்கின்றன. ஜனக்புரியிலேயே டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி இருக்கிறது. 2014இல் இங்கே திறந்த தில்லி ஹாட், இசையையே கருப்பொருளாக வைத்துக் கட்டியது. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் இசைத் துறையில் கர்நாடக இசை மாணவர்கள் இருக்கிறார்கள். நாற்பது, ஐம்பது வருஷம் டெல்லிச் சபாக்களில் முன்வரிசையில் உட்கார்ந்த மாமாக்களும் மாமிகளும் நம் பிளாக்குகளில் இருக்கிறார்கள்.

மாதம் ஒரு மாலை ஒரே ஒரு பழைய நிகழ்ச்சியைப் பெரிய திரையில் போட வேண்டும். பெரியவர்கள் பார்த்து அடையாளம் சொல்லட்டும், மாணவர்கள் ராகத்தையும் கீர்த்தனையையும் சரிபார்த்து எழுதட்டும், யார் சொன்னது, எவ்வளவு நிச்சயம் என்பதையும் சேர்த்தே குறிக்கட்டும். இருவர் முரண்பட்டால் இரண்டையும் எழுத வேண்டும். வீட்டுப் பரணில் பழைய வீடியோ கேசட் உள்ளவர்கள் கொண்டுவரலாம். அறிவிப்பாளரின் அந்த ஒரு நிமிஷம் அவர்களிடம்தான் வெட்டுப்படாமல் இருக்க வாய்ப்பு அதிகம். சேர்ந்த குறிப்புகளைக் காப்பகத்துக்கு அனுப்பி, பதிவின் கீழேயே வெளியிடச் சொல்ல வேண்டும்.

டேப்பை நகலெடுக்க மெஷினும் பணமும் வேண்டும், அது அரசாங்கத்தின் வேலை. மிருதங்கம் வாசித்தவர் யார் என்று சொல்ல, அவரை நேரில் கேட்ட ஒருவர் உயிரோடு இருக்க வேண்டும். பணம் அடுத்த பட்ஜெட்டில் வரலாம், ஆனால் 1983இல் நாற்பது வயதாக இருந்த ரசிகருக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. இரண்டில் எதை முதலில் தொடங்க வேண்டும் என்பதற்குக் கமிட்டி தேவையில்லை.